பூமிக்குள் வரைந்த காந்தத்தைத் திருப்பிப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் காந்தம் பற்றி வந்த கட்டுரையை ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பூமியில் வடக்கே காந்த வடமுனை இருப்பதால்தான் ஊசியின் வடமுனை அந்தப் பக்கம் திரும்புகிறது என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "ஆச்சி, ஒத்த முனைகள் விலக்கும்னு மேலேயே போட்டிருக்காங்களே, அப்போ ஊசி எப்படி அங்க போகும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் சரி, கட்டுரையில்தான் தவறு.

தொங்கவிட்ட காந்தத்தில் வடக்கைப் பார்த்து நிற்கும் முனைக்கு வடமுனை என்று பேர் வைத்தோம். அதை இழுப்பது எதிர் முனையாகத்தானே இருக்க முடியும்? ஆக, பூமியை ஒரு சட்ட காந்தமாக வரைந்தால் அதன் தென்முனைதான் வட துருவத்துப் பக்கம் வர வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்துக்கு வட காந்தத் துருவம் என்று எழுதியிருப்பது அது வடக்கே இருக்கிறது என்பதற்காக மட்டும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்று, உள்ளே சட்ட காந்தம் எதுவும் கிடையாது என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். 770 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இரும்பு காந்தத் தன்மையை இழந்துவிடும், பூமியின் உட்பகுதி அதைவிட எத்தனையோ மடங்கு சூடு. சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிக் கிடக்கும் இரும்பு புரண்டு ஓடும்போது உண்டாகும் மின்னோட்டம்தான் காந்தப்புலத்தைத் தருகிறது.

மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும் என்பதை 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கண்டது ஒரு கம்பியையும் ஒரு காந்த ஊசியையும் வைத்துத்தான். அந்த அளவுக்குச் சின்னச் சாமான்கள் போதும். ஆனால் நம் பிள்ளைகள் விசைக்கோடுகளைப் படம் பார்த்து வரைந்துவிட்டுப் போகிறார்கள். லேத் பட்டறையில் கேட்டால் ஒரு பொட்டலம் இரும்புத் துருவல் கிடைக்கும். காந்தத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, துருவலைத் தூவி, தாளின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டினால் முனைகளில் மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும், நடுவில் வளைந்து வளைந்து படியும். உடனே ஏதாவது ஒரு பிள்ளை, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒன்றுமில்லையா என்று கேட்கும். புலம் எல்லா இடத்திலும் இருக்கிறது, கோடு நாம் புரிந்துகொள்ள வரைவது என்று அப்போது சொன்னால் மறக்கவே மறக்காது.

ஆய்வகக் காந்தங்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டு வைத்திருந்தார்கள், ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது. இரண்டிரண்டாக, எதிர் முனைகள் பக்கத்தில் வரும்படி நடுவில் மரக்கட்டை கொடுத்து, இரு நுனியிலும் தேனிரும்புத் துண்டு வைத்தால் வருடக்கணக்கில் வலு குறையாது. இப்போது கடையில் கிடைக்கும் குட்டி நியோடிமியம் காந்தத்தைப் பழைய சட்ட காந்தத்தோடு ஒட்டவிட்டால் சில நேரம் முனையே மாறிப்போய், வடமுனை என்று சிவப்பு அடித்த பக்கம் தெற்கைப் பார்க்கும். அதை வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளை எதை நம்பும்?

அப்புறம், எங்கள் ஊர்ப் பெருமை ஒன்று. புவியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, தென்கோடி இந்தியாவை ஒட்டிப் போகிறது. அதனால்தான் 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட்டை விட திருவனந்தபுரம் அருகே இருக்கும் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள், அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. மேலும் கீழும் சாயும்படி மாட்டிய காந்த ஊசி லண்டனில் 66 டிகிரி வாக்கில் கீழே குத்திக்கொண்டு நிற்கும், எங்கள் ஊரில் ஏறக்குறைய படுத்தே கிடக்கும். இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

அன்று சாயங்காலமே ஒரு தையல் ஊசியை எடுத்து, காந்தத்தின் வடமுனையால் காதிலிருந்து நுனி வரை ஒரே திசையில் நாற்பது தடவை தேய்க்கச் சொன்னேன். தெர்மாக்கோல் துண்டில் குத்தி பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் விட்டோம். மெதுவாகச் சுற்றி, காது வடக்கே பார்த்து நின்றது. தேய்த்து முடிக்கும் நுனி தென்முனை ஆகிவிடும், அதனால் அப்படி. அவள் கையால் திருப்பித் திருப்பி விட்டாள், ஒவ்வொரு தடவையும் அங்கேயே வந்து நின்றது.

அந்த வரியைத் திருத்தி, படத்தில் பூமிக்குள் வரைந்த சட்ட காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வாரமே வெளியிடுங்கள். பழைய படத்தை அவள் அறிவியல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், அதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொள்வாள்.

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை