கிளேர்வுட்டில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பன் நகரின் நீண்டகால நிலத் திட்டம் பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். துறைமுகம் வளர்ந்தால்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை. துறைமுகத்தை ஒட்டிய கிளேர்வுட் எப்படியும் முடிந்துபோன ஊர். அதைச் சரக்குக் கிடங்குகளுக்கு விட்டுவிட்டு, மிச்சம் இருப்பவர்கள் நல்ல இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்பது அவர் கட்சி. கெட்ட எண்ணத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் 'முடிந்துபோன ஊர்' என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன். பிறந்ததும் அங்கேதான்.

எங்கள் வீடு மரமும் தகரமும் வைத்துக் கட்டிய பழைய மாதிரி வீடு. பின்னால் கொல்லை. அதில் ஆயா போட்ட கீரையும் மல்லியும் விடியுமுன் வார்விக் சந்தைக்குப் போகும். இப்போது கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் நிற்கின்றன. முன்பு அங்கே ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் வீட்டை இடித்து, சரளைக்கல் கொட்டி, கம்பி வேலி போட்டார். அவ்வளவுதான், வீடு இருந்த இடம் லாரிக் கொட்டடி ஆகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கும் இன்ஜின் உறுமும். சாமி அறைச் சுவரில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. கறிவேப்பிலை பறித்தால் மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீர் கறுப்பாக வரும்.

குடியிருப்பு மனையில் இப்படி லாரி நிறுத்தலாமா என்று ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "ஆன்ட்டி, அது மாறப்போகிற ஏரியா" என்றது. கூரைத் தகரம் மாற்றக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். அங்கேயும் வீட்டு மதிப்பைப் பற்றிப் பேசும்போது அதே பேச்சுதான் வந்தது.

ஆசிரியர் ஐயா, கிளேர்வுட்டுக்கு வந்த நோய் இதுதான். மாறப்போகிறது, மாறப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யார் சுவருக்குப் பூச்சு பூசுவார்கள்? எந்த மகன் பெற்றவர்கள் வீட்டோடு இன்னோர் அறை சேர்த்துக் கட்டுவான்? சாக்கடை அடைத்தால் யார் வந்து பார்ப்பார்கள்? வீடு பாழடைகிறது, பக்கத்து வீட்டுக்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார், லாரி உள்ளே வருகிறது. அப்புறம் ஊரைப் பார்த்து, முடிந்துபோன ஊர் என்கிறோம். திட்ட வரைபடத்தில் 'சரக்குக்கு' என்று போட்ட ஒரு வண்ணத்தைச் செயல்படுத்தவும் இல்லாமல், அழிக்கவும் இல்லாமல் வைத்திருந்தாலே போதும். புல்டோசர் தேவையில்லை.

இந்தப் பேச்சு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் இந்தச் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். குடியிருந்தவர்கள் போய்த் தொழிற்சாலைகள் வரவேண்டும் என்று நகர சபை பல காலம் முயன்றது. எங்கள் பெரியவர்கள் கூட்டம் போட்டு, மனு எழுதித் தாக்குப் பிடித்தார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டம் எத்தனையோ குடும்பங்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்டது.

என் பெரியம்மா குடும்பம் டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரில் இருந்தது. அவர்கள் கிளம்பியபோது எனக்கு ஏழு வயது. லாரியில் அலமாரியும் அம்மியும் ஏற்றியான பிறகு, பெரியம்மா கறிவேப்பிலைக் கன்றுகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து ஒன்றை எங்கள் கொல்லையில் வைத்துவிட்டுப் போனாள். நான் மேலே சொன்ன செடி அதுதான். அவர்களைக் காலி செய்த நிலத்தில் அவசரமாக எதாவது கட்டினார்களா? பெரும்பகுதி இருபது வருடங்களுக்கு மேல் புல் முளைத்துக் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் பெரியம்மா பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

1994-இல் தென்னாப்பிரிக்காவில் இனவெறி ஆட்சி முடிந்த பிறகு இனி இந்தத் தொல்லை இருக்காது என்று நம்பினோம். ஆனால் துறைமுகத்தின் பின்புற நிலத்துக்கென்று டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சி தீட்டிய வட்டாரத் திட்டத்தில் கிளேர்வுட் வீடுகள் இருக்கும் இடம் மறுபடி சரக்குக்குப் போனது. ஊர் கூடி எதிர்த்தோம்.

துறைமுகத்துக்கு இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. என் மகனே அங்கே கிரேன் ஓட்டுகிறான். ஆனால் எங்கள் குதிரைப் பந்தய மைதானம் ஏற்கெனவே கிடங்குகளுக்குப் போய்விட்டது. அது மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த ஈரநிலம். 2010-இல் விமான நிலையம் வடக்கே லா மெர்சிக்கு மாறிவிட்டது; பழைய நிலையத்தின் நிலம் தெற்கே இருக்கிறது. தோண்டிப் புதுத் துறைமுகம் கட்டப்போவதாகச் சொல்லி வாங்கி, பிறகு அந்த வேலையையே தள்ளிப்போட்டார்கள். அதன் ஓரத்தில் பயிர் செய்யும் நம் தோட்டக்காரர்களைத் தொடாமல், மீதி நிலத்துக்கு என்ன வழி என்று முதலில் சொல்லட்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி ரயிலை விட்டு லாரிக்கு வந்துவிட்டதே, அதைத் திருப்ப என்ன செய்யப்போகிறார்கள்? ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சரிசெய்தாலே சவுத் கோஸ்ட் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் கடப்பார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்கு டர்பனில் கன்டெய்னர்கள் தீப்பெட்டி மாதிரி மிதந்து நெடுஞ்சாலையில் போய்க் கிடந்தன. இந்தத் தாழ்ந்த நிலத்தில் இன்னும் சிமெண்ட் தரை போட்டால், அடுத்த மழைத் தண்ணீர் எங்கே போகும்?

2013-இன் நிலப் பயன்பாட்டுச் சட்டம், பழைய நில அநீதிகளைச் சரிசெய்ய வேண்டும் என்பதைத் தன் கோட்பாடுகளில் முதலாவதாக வைத்திருக்கிறது. அடுத்த 10 முதல் 20 ஆண்டுகளில் நகரம் எப்படி வளரவேண்டும் என்பதை மாநகராட்சியின் திட்டம் காட்டவேண்டும், அறிவிப்பு வந்து 60 நாளுக்குள் மக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்பதும் அதே சட்டம்தான். நல்ல சட்டம். ஆனால் திட்டத்தின் வரைபடத்தில் எங்கள் தெரு நகக்கண் அளவுகூட இல்லை, பெயரும் போடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தெருத் தெருவாகப் பெயர் போட்ட பெரிய வரைபடத்தைக் கிளேர்வுட்டிலேயே ஓரிடத்தில் மாட்டவேண்டும். கூட்டத்தை வேலை நாள் காலையில் நகர மையத்தில் வைக்காமல், சனிக்கிழமை மாலை இங்கே வைக்கவேண்டும். வீடுகள் இருக்கும் தெருக்களைக் குடியிருப்பு என்று தெளிவாக எழுதவேண்டும். மாற்றுவதாக முடிவு செய்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, எந்த ஆண்டு, என்ன விலை, எங்கே மாற்று வீடு என்று எழுதித் தரட்டும். இரண்டும் இல்லாமல் இன்னும் இருபது வருடம் எங்களை நிறுத்தி வைக்கக் கூடாது.

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு எங்கள் சிவ சுப்பிரமணியர் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறீர்கள். கோயிலைச் சுற்றி வீடு இல்லாமல் கிடங்கு மட்டும் இருந்தால் விளக்கேற்ற யார் இருப்பார்கள்? உங்களுக்கும் இதில் எழுத உரிமை உண்டு. ஒரு பக்கம் போதும். உங்கள் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த பிறகு கோயில் வாசலில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆங்கிலத்தில் எழுத என் பேத்தி உதவுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளேர்வுட், டர்பன்.