காசுக்கு வாங்கிய சத்தியம் செல்லாது என்று சொல்லுங்கள்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கோயில் குருக்கள்மாருக்கும் பூசாரிகளுக்கும், பள்ளிவாசல் ஹஜ்ரத்துகளுக்கும், திருச்சபை ஆயர்களுக்கும்,

வணக்கம்.

தேர்தல் வந்தால் உங்கள் வாசலுக்கு வேட்பாளர்கள் வருவார்கள். பரிவட்டம், துஆ, ஜெபம் எல்லாம் கேட்பார்கள். பின்னாலேயே கேமராக்காரர் நிற்பார். அவர்களைப் பற்றி எழுத வரவில்லை. வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில் கேமரா இல்லாமல் ஒரு கூட்டம் வருகிறதே, அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய ராத்திரி அவர் வீட்டுக்கு ஓட்டுக்கான பணக் கவர் வந்தது. கொண்டுவந்தவர் சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. தட்டில் கற்பூரம் ஏற்றி, "கெங்கையம்மா மேல சத்தியமா எங்களுக்குத்தான்னு சொல்லுக்கா" என்று வீட்டில் இருந்த நாலு பேரையும் அந்தக் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். மறுநாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அக்கா தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு அம்மன் கோயிலுக்குப் போனார். இன்னார் ஜெயிக்கட்டும் என்று அவர் வேண்டவில்லை. "மாத்திப் போட்டா என் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதே தாயே" என்றுதான் கேட்டிருக்கிறார். பூசாரி வழக்கம்போல் குங்குமம் கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அக்கா இதை எங்களிடம் சொன்னதே பல நாள் கழித்துத்தான். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

இந்தப் பயத்தைச் சட்டம் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆவது பிரிவு. ஓட்டுக்குக் காசு கொடுப்பது லஞ்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: வாக்காளருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ தெய்வக் கோபம் வந்து சேரும் என்று நம்ப வைப்பதும் முறைகேடுதான். 'வேண்டியவர்' என்கிற இடத்தில் அந்த அக்காவின் பிள்ளையை வைத்துப் பாருங்கள். கற்பூரத் தட்டில் இரண்டு முறைகேடும் சேர்ந்தே எரிகின்றன.

ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லி ஒரு தாயின் பயத்தைப் போக்க முடியாது. நீங்கள் சொன்னால் போகும்.

வேலூருக்கு இது புதுக் கதையும் இல்லை. 2019இல் ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. பிடிபட்ட பணத்தைக் காரணம் காட்டி 16ஆம் தேதி நம் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது நாட்டில் அதுதான் முதல் முறை. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் சொன்ன தேதியில் நடந்தது. எம்.எல்.ஏ. ஓட்டுக்கு ஒரு நாள், எம்.பி. ஓட்டுக்கு ஆகஸ்ட் 5 என்று நாங்கள் இரண்டு முறை போய் வரிசையில் நின்றோம். முடிவில் வித்தியாசம் 8,141 ஓட்டு. இத்தனை லட்சம் பேர் இருக்கும் தொகுதி அவ்வளவு நெருக்கமாக முடியும்போது, நாலு தெருவின் பயம்கூடக் கணக்கில் வரும்.

குருக்கள் ஐயா, ஆயுதம் தொடமாட்டேன் என்று சொன்ன கண்ணனே பீஷ்மரை நோக்கிச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நீங்கள் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். ஹஜ்ரத், தப்பான காரியத்துக்குச் சத்தியம் செய்தவர் அதை முறித்துவிட்டு, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டுக் கஃப்பாரா என்னும் பரிகாரம் செய்யலாம் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆயர் ஐயா, ஏரோது விருந்தாளிகள் முன்னால் ஆணையிட்டுவிட்டேனே என்று யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்னான். சொன்ன சொல் தவறாதவன் என்று அவனை எந்தப் பிரசங்கத்திலாவது பாராட்டியிருக்கிறீர்களா?

"நமக்கு எதுக்கு அரசியல்" என்று தயங்குவீர்கள். தயக்கம் நியாயம்தான். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சத்தியம் கட்டுப்படுத்தாது, அதற்காகச் சாமி யாரையும் தண்டிக்காது என்று சொல்வதில் எந்தக் கட்சியின் பெயர் வருகிறது?

காசை வாங்குவதும் குற்றம்தான். வாங்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். வேலையில்லாத வாரத்தில் ஐநூறு ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடு என்று உபதேசம் செய்ய எனக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும், ஏற்றுமதி ஷூ கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வந்த கலக்கத்தைப் பார்த்தவன் நான். மனசு கலங்கிக் கிடக்கும் வீட்டில் கற்பூரத் தட்டுக்கு வேலை சுலபம்.

இதெல்லாம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கிண்டல் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி விளக்கு எரிந்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தோம். ராஜா மட்டும்தான் பாக்கி. அவர் வரவே வேண்டாம், அவர் இல்லாததால்தான் நமக்கு ஓட்டு.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கும். அன்றைக்கு மட்டும் கோயில் நடையையும் சர்ச் கதவையும் ஐந்தரைக்கே திறந்து வையுங்கள். ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலைப் பூட்டிவிட வேண்டாம். தயங்கித் தயங்கி யாராவது பக்கத்தில் வந்து நின்றால், என்னம்மா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, சத்தியம் செல்லாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கவர் பெரும்பாலும் கடைசி இரண்டு ராத்திரியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பயான் உரையிலும், ஞாயிறு ஆராதனையிலும், சாயங்கால தீபாராதனைக்குக் கூட்டம் நிற்கும்போதும் சொன்னால்தான், தட்டு வாசலுக்கு வரும்போது காதில் இருக்கும்.

இப்படிக்கு,
குடியாத்தத்து வாக்காளன் ஒருவன்