ட்ரியோ பதிவுக்குப் போகுமுன்

கண்ணம்மா,

ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரியோவை, அதாவது பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக அவர் எழுதிய இசையைப் பதிவு செய்ய மூன்று நாள் அரங்கம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மைக்கை எங்கே வைப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். நான்காம் பகுதியை முழுசாக வாசிக்கப் போகிறீர்களா, வெட்டியா? 1827-இல் எழுதியதை அச்சுக்கு அனுப்பும்போது ஷூபர்ட்டே கிட்டத்தட்ட 100 பார்களை (தாளக் கட்டங்களை) வெட்டினார். அந்த வெட்டுகளை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும் என்று 1828 மே மாதம் பதிப்பாளர் ப்ரோப்ஸ்டுக்குக் கடிதமும் எழுதினார். எனக்கு முழு வடிவம்தான் பிடிக்கும். ஆனால் கையில் இருக்கும் நேரத்துக்கு வெட்டியதே புத்திசாலித்தனம். எதுவானாலும் மூன்று பேரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பகுதி உன் தலையில்தான். பியானோ இரண்டு பார் நடைபோட்டதும் உன் செல்லோ பாட்டை எடுக்கிறது. சி மைனர் என்பதால் உன் சி தந்தி அடிக்கடி மாட்டும். ஏ-யிலிருந்து டி, ஜி, சி என்று சுத்தமான ஐந்தாம் சுரங்களாகக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 2 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறங்கி, பியானோவின் சி-யைவிட உன் சி 6 சென்ட் தாழ்ந்து நிற்கும். கச்சேரியில் யாரும் கவனிக்க மாட்டார்கள், மைக் விடாது. சி-யை நேராகப் பியானோவோடு சேர்த்துவிடு. அந்த இடத்தில் இழுக்கவும் கூடாது. 'ஆண்டாந்தே' (நடக்கிற வேகம்) என்பதோடு 'கோன் மோட்டோ' (ஓட்டத்தோடு) என்றும் போட்டிருக்கிறார்.

பியானோ அமுக்குகிறது என்று மூடியைப் பாதி இறக்காதீர்கள். மேல் சுரங்களின் தெளிவுதான் போகும், உன்னை மறைக்கிற இடது கைச் சத்தம் அப்படியே நிற்கும். மூடி முழுசாகத் திறந்திருக்கட்டும், நீ ஓரடி முன்னால் நகர்ந்து உட்கார். முதன்மை மைக் ஜோடியை 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணத்தில் வைத்துத் தொடங்கச் சொல். பிறகு காது சொல்கிறபடி முன்னே பின்னே நகர்த்தட்டும்.

முதலில் ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தாமல் இரண்டு தடவை எடுங்கள், திருத்தமெல்லாம் அப்புறம். திருத்தும்போது ஒட்டுமிடத்துக்கு நாலு பார் முன்பிருந்தே வாசியுங்கள். முந்தைய சுரத்தின் எதிரொலி புது டேக்கில் (ஒரு தடவை வாசித்துப் பதிந்ததில்) இல்லாவிட்டால் ஒட்டு பளிச்சென்று தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு பியானோவுக்குச் சுருதி கூட்டும் ட்யூனரை மறுபடி வரச் சொல்லுங்கள். விளக்குச் சூட்டில் பியானோவின் சுருதி நகர்ந்திருந்தால் காலை டேக்கும் மாலை டேக்கும் ஒட்டாது.

கடைசி டேக் முடிந்ததும் யாரும் எழுந்துவிடாதீர்கள். வெறும் அரங்கத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிய வேண்டும். பகுதிகளுக்கு நடுவே அதைத்தான் போடுவார்கள்.

அப்பா