பன்னிரண்டும் பதினான்கும்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
2021 ஜூலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூரில் எல்லோரும் நலம், இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கும் நலமே. மே மாதம் பட்ட பாட்டையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

மகள் போட்டித் தேர்வுக்குப் படிப்பதும், எங்கள் சட்டப்பேரவையைப் பற்றி உன்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பதும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். "பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது, 30 பேர் கொண்ட சபையில் அரசுக்கு 12, எதிரணிக்கு 14 என்று எப்படி வந்தது? கூட்டினால் 26 தானே வருகிறது?" என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

2016 மே தேர்தலில் காங்கிரசுக்கு 15, ரங்கசாமியின் என்.ஆர். காங்கிரசுக்கு 8, அ.தி.மு.க.வுக்கு 4, தி.மு.க.வுக்கு 2, மாஹேயில் ஒரு சுயேச்சை. காங்கிரசும் தி.மு.க.வும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. ஜூன் 6-ஆம் தேதி நாராயணசாமி முதல்வரானார். அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. நெல்லித்தோப்பில் ஜெயித்த ஜான்குமார் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார். நவம்பர் இடைத்தேர்தலில் நாராயணசாமி வென்று உள்ளே வந்தார். காமராஜ் நகர் வைத்திலிங்கம் சபாநாயகர், லாஸ்பேட்டை சிவக்கொழுந்து துணை சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் ரங்கசாமி. 2019-இல் வைத்திலிங்கம் எம்.பி. ஆகி டெல்லி போனதும், எங்கள் தொகுதிக்காரரான சிவக்கொழுந்து சபாநாயகர் ஆனார். காலியான காமராஜ் நகரில் ஜான்குமார் நின்று மறுபடி எம்.எல்.ஏ. ஆனார். ஒரே ஐந்தாண்டில் ஒரே மனிதர் இரண்டு தொகுதிக்கு உறுப்பினர்! தட்டாஞ்சாவடி என்.ஆர். காங்கிரஸ் உறுப்பினர் வழக்கில் தண்டனை பெற்றுப் பதவி இழக்க, இடைத்தேர்தலில் அந்த இடம் தி.மு.க.வுக்குப் போனது. இதுவரைக்கும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் ஜனங்களிடம் போய்க் கேட்டுத்தான் ஆள் மாறியது.

என் மனதை அறுப்பது 2017 ஜூலை 4-ஆம் தேதி இரவு நடந்தது. மத்திய அரசு நியமித்த மூன்று பா.ஜ.க.வினருக்கு கவர்னர் கிரண் பேடி தன் மாளிகையான ராஜ்நிவாசில் வைத்துப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சாமிநாதன், சங்கர், செல்வகணபதி. 2016-இல் அந்தக் கட்சி இங்கே ஒரு தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. மாநில அமைச்சரவையின் பரிந்துரையும் இல்லை. சபாநாயகர் ஏற்க மறுத்தார். பேரவை வாசலிலேயே அவர்கள் தடுக்கப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2018 டிசம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: நியமனம் செல்லும், மாநில அரசைக் கேட்க வேண்டியதில்லை, பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் அவர்கள் ஓட்டுப் போடலாம்.

தீர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின் மூன்றாவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. மூன்று பேருக்கு மிகாமல் மத்திய அரசு நியமிக்கலாம். அவர்கள் அரசு ஊழியராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மாநிலங்களவைக்கு நியமிக்கப்படும் 12 பேருக்காவது இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று அரசியலமைப்பே ஒரு தகுதி வைத்திருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது. டெல்லி சட்டப்பேரவையில் 70 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நியமன உறுப்பினரே இல்லை. உங்கள் தமிழ்நாட்டில் இருந்த ஒரே ஓர் ஆங்கிலோ இந்திய நியமன இடத்துக்கான ஏற்பாடும் 2020 ஜனவரியோடு முடிந்தது. 30 பேர் இருக்கும் எங்கள் சபைக்கு மூன்று பேர் என்றால் பத்தில் ஒரு பங்கு, நண்பா.

இனி மகளின் கணக்குக்கு வருகிறேன். காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல். 2020 ஜூலையில் பாகூர் தனவேலு கட்சித் தாவல் சட்டப்படி தகுதி நீக்கம் ஆனார். இந்த வருடம் ஜனவரி 25-இல் அமைச்சர் நமச்சிவாயமும் ஊசுடு தீப்பாய்ந்தானும் ராஜினாமா. பிப்ரவரியில் ஏனாம் மல்லாடி கிருஷ்ணாராவ், பிறகு ஜான்குமார். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கை வாக்கெடுப்புக்காகச் சபை கூடுவதற்கு முந்தின நாள், ராஜ்பவன் தொகுதி லட்சுமிநாராயணனும் தட்டாஞ்சாவடி தி.மு.க. வெங்கடேசனும். ஆக ஏழு இடம் காலி. முப்பதில் மீதி 23. அதில் அரசின் பக்கம் காங்கிரஸ் 9, தி.மு.க. 2, சுயேச்சை 1, மொத்தம் 12. எதிரே என்.ஆர். காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, மொத்தம் 11. அந்த 11-உடன் நியமன மூவரைச் சேர்த்தால் 14.

சபாநாயகர் சாதாரணமாக ஓட்டுப் போட மாட்டார். சமமாக வந்தால் மட்டும்தான் போடுவார். அப்படியென்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குள் 11-க்கு 11. சமம். சபாநாயகர் ஓட்டு விழுந்திருந்தால் அரசு நின்றிருக்கும். இத்தனை ராஜினாமாவுக்குப் பிறகும் அரசைக் கவிழ்த்த எண்ணிக்கை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத அந்த மூன்றுதான். பிப்ரவரி 22-ஆம் தேதி ஆளும் தரப்பு இதைச் சபையிலேயே கிளப்பியது. நாராயணசாமி பேசி முடித்துத் தன் உறுப்பினர்களோடு வெளியேறினார். வாக்கெடுப்பே நடக்காமல் நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். 25-ஆம் தேதி ஜனாதிபதி ஆட்சி வந்துவிட்டது.

நான் நாராயணசாமி ஆட்சிக்கு வக்காலத்து வாங்கவில்லை. இலவச அரிசிக்காகவும் இன்னும் பலவற்றுக்காகவும் அவர் 2019 பிப்ரவரியில் கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் ஐந்தாறு நாள் உட்கார்ந்திருந்தபோதும், "இந்தச் சண்டையில் அட்டைதாரருக்கு அரிசி வந்ததா" என்றுதான் வீட்டில் கேட்டுக்கொண்டோம். அந்த அரசு பிடிக்கவில்லையென்றால் அனுப்ப வேண்டியது நாங்கள். அரசு கவிழ்ந்தபோது தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம்.

இன்னொரு விஷயமும் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் நியமனத்தை எதிர்த்த அந்த வழக்கே "லட்சுமிநாராயணன் எதிர் இந்திய ஒன்றியம்" என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதே ராஜ்பவன் லட்சுமிநாராயணன்தான். வழக்குப் போட்டவரே கடைசி நாளில் ராஜினாமா செய்தார். இன்று அவர் என்.ஆர். காங்கிரஸ் அமைச்சர். ராஜினாமா செய்த தட்டாஞ்சாவடி வெங்கடேசன் இப்போது பா.ஜ.க. நியமன எம்.எல்.ஏ. ஆம், மே 10-ஆம் தேதி மறுபடியும் மூன்று பேரை நியமித்துவிட்டார்கள். அப்போது முதல்வர் ரங்கசாமி மட்டும்தான் பதவியேற்றிருந்தார், அவரும் கொரோனாவுக்காகச் சென்னையில் சிகிச்சையில் இருந்தார். தேர்தலில் பா.ஜ.க. ஜெயித்தது 6. ஒரே கையெழுத்தில் அது 9. அவர்கள் கூட்டணி அரசுதான், அதனால் இன்று யாருக்கும் உறுத்தவில்லை. நாளைக்கு உறவு முறிந்தால் அதே மூன்று ஓட்டு ரங்கசாமிக்கு எதிராகவும் விழும். எந்தக் கட்சியின் முதல்வராக இருந்தாலும் தலைக்கு மேல் இது தொங்குகிறது. அதனால்தான் இதைக் கட்சிச் சண்டையாக நான் பார்ப்பதில்லை.

என் எண்ணம் இதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் பரிந்துரையில்லாமல் நியமனம் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். அது முடியாதென்றால், நம்பிக்கை வாக்கெடுப்பில் மட்டுமாவது அவர்களுக்கு ஓட்டு இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நாடாளுமன்றம்தான் மனது வைக்க வேண்டும். எங்களுக்கு மக்களவையில் ஒரே ஒரு எம்.பி. மாநில அந்தஸ்து கேட்டு இங்கே எத்தனையோ தீர்மானம் போட்டாயிற்று. அது வருகிறபோது வரட்டும், மூன்றாவது பிரிவைத் திருத்த அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் தொகுதிகள் எவ்வளவு சின்னவை என்று உனக்குத் தெரியும். சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டு. எம்.எல்.ஏ. வீடு எந்தத் தெரு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதியோர் உதவித்தொகையானாலும் கால்வாய் அடைப்பானாலும் காலையில் அந்தத் திண்ணையில்தான் ஜனம் நிற்கும். அதனால்தான் காலி இடம் என்பது இங்கே வெறும் எண்ணாக இருப்பதில்லை. ஜனவரியில் நியமன உறுப்பினர் சங்கர் காலமானார், பாவம். அடுத்த மாதம் 22-ஆம் தேதிக்கு முன்பே அவர் இடத்தில் வேறொருவரை நியமித்துவிட்டார்கள். பாகூரோ 2020 ஜூலையிலிருந்து இந்த மே வரைக்கும் உறுப்பினரே இல்லாமல் கிடந்தது. சபையின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை என்பது விதி.

உன் தங்கை வாழ்க்கைப்பட்டது பாகூரில்தானே. கொரோனாவும் மழையும் சேர்ந்து வந்த அந்தப் பத்து மாதம், ஒரு கையெழுத்தோ சிபாரிசோ வேண்டுமென்றால் அவர்கள் யாரிடம் போனார்கள் என்று விசாரித்து எழுது. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் கல்லூரித் தோழன்