இரவு வெப்பம் குறையும் வகையில் தெருச் சாலைப் பணியை மாற்றியமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குறுக்குத் தெருவில் குடியிருப்போர்

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: புதிய சாலை போடுமுன் இரவு வெப்பத்தை அளந்து, நிழல் மரங்களுக்கு இடம் விட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் விரைவில் புதிய தார்ச்சாலை போடப்படவிருப்பதாக அறிகிறோம். சாலை வேண்டாம் என்பவர் எங்களில் யாருமில்லை. ஆனால், சென்ற முறை மரங்களின் தூர்வரை கான்கிரீட் பூசினார்கள். இரண்டு மரங்கள் பட்டுப்போயின. அதே தவறு இம்முறையும் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இம்மனு.

பகல் வெயிலுக்காக யாரிடமும் முறையிட முடியாது. இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறதே, அதுதான் எங்கள் குறை. புதிய தார் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 5 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. மிச்சத்தை உள்வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. நெருக்கமாக நிற்கும் மாடிக் கட்டடங்களால் அந்த வெப்பம் எளிதில் மேலே போவதில்லை. ஏசி உள்ள வீடுகளோ, அறையின் வெப்பத்தோடு இயந்திரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவில் தள்ளுகின்றன. ஏசி வாங்க இயலாதவரின் ஜன்னல் அதற்கு நேரெதிரே திறந்திருக்கிறது.

நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு இரவில்தான் பெரிது என்பதை, லண்டனில் லூக் ஹோவர்டு என்ற வானிலை ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். ஆகவே, பணிக்கு முன்பும் பின்பும் எங்கள் தெருவின் இரவு வெப்பநிலையை அளந்து பதிவு செய்ய வேண்டுகிறோம்.

ஒவ்வொரு மரத்தின் தூரைச் சுற்றியும் நான்கடி மண் திறந்திருக்கட்டும். பட்டுப்போன இடங்களில் விரிந்த கிளையுள்ள மரங்களை நட வேண்டும். பிற்பகல் வெயில் நேரே விழும் மேற்குப் பக்கத்துக்கு முன்னுரிமை தேவை. வேலிக்குள் வைக்கும் அலங்காரச் செடிகள் எங்களுக்கு வேண்டாம்; அவற்றின் நிழலில் பூனைகூட ஒதுங்க முடியாது. கொலம்பியாவின் மெதெயின் நகரம் 2016 முதல் சாலையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் பசுமை வழித்தடங்கள் அமைத்து, அப்பகுதிகளில் வெப்பத்தைச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறைத்திருக்கிறது.

சாலைக்கு வெள்ளைப் பூச்சு என்ற யோசனையும் காதில் விழுகிறது. தரை சற்றுக் குளிரலாம். ஆனால் எதிரொளிக்கும் வெயில் நடந்து போகிறவர்மேல் படும். அந்தப் பூச்சு மொட்டைமாடிகளுக்குத்தான் பொருத்தம். மாநகராட்சிக் கட்டடங்களிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

பணி தொடங்குமுன் தங்கள் பொறியாளர் ஒருவரை ஒருநாள் இரவு பத்து மணிக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சுவரைத் தொட்டுப் பார்க்க அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்