கயலுக்கு அம்மா எழுதுவது

மதுரை
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டோம். நானும் அப்பாவும் சேர்ந்துதான் பார்த்தோம். மாடி வீட்டுப் பையன் வந்து போனை டிவியோடு இணைத்துக் கொடுத்தான். நீ தமிழில் எழுதியிருந்த வசனத்தை முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 11 தாள். ஒரு கண் தாளிலும் ஒரு கண் படத்திலுமாக இருந்தேன். படத்தில் வருகிறவர்கள் அதிகம் பேசவில்லை, அதனால் சமாளித்தேன். இருந்தாலும் இரண்டு இடத்தில் பக்கம் மாறிப்போய், கிழவர் சொன்னதைப் பேரன் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

போனில் பேசினால் நான் வழக்கம்போல் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி.

முதலில், நீ சாப்பிடுகிறாயா? ஸ்பெயினில் உங்கள் மாலகா ஊரில் சினிமா விழா நடக்கிற நாளெல்லாம் நீ ஒழுங்காகச் சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ரொட்டியும் காப்பியுமாக ஓட்டிவிட்டு, முடிந்ததும் வயிற்றுவலி என்று படுத்தாய். அந்த ஊரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரவே பத்து மணி ஆகும் என்கிறாய். அது அவர்கள் உடம்புக்குச் சரி. நீ ஏழு மணிக்கே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போ. அப்புறம், கடைசிக் காட்சி விட்டதும் தனியாக நடந்து வராதே. செர்வாந்தஸ் தியேட்டர் பக்கம் அந்த நேரத்திலும் கூட்டம் இருக்கும்தான். உன் அறை அந்தப் பக்கம் இல்லையே. அந்தக் கொலம்பியாக்காரப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு வா. பனியில் நிற்காதே. சளி, இருமல் ஒன்றும் இல்லையே?

உனக்குக் காட்சி விடுகிற 12 மணி இங்கே விடிகாலை நாலரை. அப்பா பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற நேரம். முன்பெல்லாம் வண்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உன் போனுக்காகவே நிற்பார். நீ அன்றைக்குப் பார்த்த படத்தின் கதையைச் சொல்வாய், அவர் மல்லி கிலோ என்ன விலைக்குப் போனது என்று சொல்வார். ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் பேசிவிட்டு மாட்டுத்தாவணிக்குக் கிளம்புகிறவரின் முகமே வேறாக இருக்கும். பொங்கலுக்குப் பிறகு அந்த நேரத்துக்குப் போன் வரவில்லை. 'சாப்பிட்டேன்', 'க்ளாஸ் இருக்கு', 'அப்புறம் பேசறேன்' என்று எழுத்தில்தான் வருகிறது. சரி, உனக்கு வேலை இருக்கும்.

உன்னை நடுவர் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? வாடிப்பட்டி அத்தை. அவள் மகள் போனில் உன் போட்டோவைக் காட்டினாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளை வைத்து இளைஞர் நடுவர் குழு என்று ஒன்று உண்டாமே. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு லாரியோஸ் தெருவில் அந்தச் சிவப்புக் கம்பளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாய். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அத்தையிடம் அரை மணி நேரம் உன் பெருமையைப் பேசினேன். 1998-இல் ஸ்பெயின் படங்களுக்கென்று மாலகாவில் தொடங்கிய விழா, 2017-இலிருந்து மெக்சிகோ, அர்ஜென்டினா, சிலி என்று ஸ்பானிஷ் பேசுகிற மற்ற நாடுகளின் புதுப் படங்களும் போட்டிக்கு வருகின்றன, ஸ்பெயின் படத்துக்கு ஒரு தங்கப் பரிசு, அந்த நாடுகளின் படத்துக்கு ஒரு தங்கப் பரிசு என்று நீ எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். 'வேலையை விட்டுட்டு சினிமா பாக்கவா அவ்வளவு தூரம் போனா' என்று கேட்டவள்தானே அவள். மொழிபெயர்ப்புக்கென்றே அந்தப் பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பு இருக்கிறது, படத்தின் வசனத்தை வேறு பாஷையில் எழுதுவதும் அதில் சேர்ந்தது என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது கயல். சட்டை தோளில் நிற்கவில்லை. அத்தை மகளிடம் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்தப் பரிசுக்கு பிஸ்நாகா என்று பெயர், அது மல்லிகைப்பூ என்று நீ சொன்ன நாளிலிருந்து அந்த ஊர் எனக்கு அயலூராகத் தெரியவில்லை. வெயில் காலத்துக்கு முன்பே ஒரு காட்டுச் செடியின் குடைபோல விரிந்த தலையைத் தண்டோடு வெட்டிக் காயவைத்துக்கொள்வார்கள், மொட்டாகப் பறித்த பூவைக் காய்ந்த காம்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாகக் குத்துவார்கள், இருட்டியதும் எல்லாம் சேர்ந்து மலர்ந்து வெள்ளைப் பந்தாகிவிடும், விற்கிறவர் அவற்றைச் சப்பாத்திக்கள்ளி மடலில் செருகித் தூக்கிக்கொண்டு வருவார் என்றெல்லாம் சொன்னாய். மொட்டாகப் பறித்தால்தான் பூவுக்குக் காசு என்பது நம் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விழா மார்ச்சில், பூவோ கோடையில், அதனால் விழா நாளில் பரிசில் மட்டும்தான் பூவைப் பார்க்க முடியும் என்று நீ வருத்தப்பட்டதும் நினைவிருக்கிறது.

போன வாரம் நானே ஒன்று செய்து பார்த்தேன். தொட்டியில் விதைக்கு விட்ட கொத்தமல்லி காய்ந்து நின்றது. அதன் தலையும் குடை மாதிரிதானே. விதையைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு காம்பிலும் குண்டுமல்லி மொட்டைக் குத்தினேன். பாதிக் காம்பு முறிந்துவிட்டது. குண்டுமல்லிக்குக் கனம் அதிகம், பிச்சி மொட்டாக இருந்தால் தாங்கியிருக்கும். அங்கேயும் பிச்சி மாதிரி ஐந்து இதழ்ப் பூதான் என்று நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். இருபது மொட்டுகள் நின்றன. சாமி படத்துக்கு முன்னால் டம்ளரில் வைத்தேன். ஏழு மணிக்கு விரிந்துவிட்டது. அப்பா மூன்று தடவை வந்து பார்த்தார். முழம் போடாமல் பூவை இப்படியும் விற்கலாம் போல என்றார். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பவில்லை. நீ 'நல்லா இருக்கு' என்று இரண்டு வார்த்தை எழுதி முடித்துவிட்டால் எனக்குத் தாங்காது.

படத்துக்கு வருகிறேன். 2022-இல் உங்கள் ஊர் விழாவில் தங்க பிஸ்நாகா வாங்கியது, பொலிவியா நாட்டுப் படம், நடித்த கிழவர் கிழவி இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவிதான் என்று தாளின் தலையில் எழுதியிருந்தாய். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற விதமே சொல்லிவிடுகிறது. அவர்கள் ஆடு மாடு போல வளர்க்கிற லாமாக்களின் காதில் இளஞ்சிவப்பு ரிப்பனைப் பார்த்ததும் நம் மாட்டுப் பொங்கல் போல இருக்கிறதே என்று அப்பா சிரித்தார். ஊரில் மழையில்லை, தண்ணீரில்லை. சீசா என்கிற அந்தக் கிழவி வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடக்கிற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு வசனம் வேண்டாம். உசிலம்பட்டியில் அப்பத்தா நடந்த நடை அது.

பேரன் பட்டணத்திலிருந்து வருகிறான். ஸ்பானிஷ் பேசுகிறான், தாத்தாவும் அப்பத்தாவும் தங்களுக்குள் அந்த மலைநாட்டுப் பாஷையான கெச்சுவா பேசுகிறார்கள். அவன் பாட்டியைக் கூப்பிடுகிற இடத்திலெல்லாம் நீ 'அப்பத்தா' என்று போட்டிருந்தாய். பாட்டி என்றே எழுதியிருக்கலாம். ஊர் உலகமெல்லாம் பாட்டி என்றுதானே எழுதுகிறது. நீ அப்பத்தா என்று எழுதியதைப் பார்த்ததும், இது எங்களுக்காக மட்டும் ராத்திரி விழித்து எழுதியது என்று புரிந்தது. எத்தனை ராத்திரி ஆனது கண்ணு? தூங்குகிறாயா இல்லையா?

கிழவர் வீர்ஜினியோ இருமுகிறார். மனைவியிடம் மறைக்கிறார். முதல் இருமலிலேயே அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அடுத்த தடவை எழுந்துவிட்டார். மாடியில் துணி காய்கிறது, எடுத்து வருகிறேன் என்றார். அன்றைக்குத் துணியே காயப்போடவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, கதை என்ன ஆனது என்று கேட்காமல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரே அறை, ஒரே படுக்கை. பக்கத்தில் படுப்பவளுக்கு இருமல் தெரியாமல் இருக்காது. சீசாவுக்கு முன்பே தெரியும், தெரியாதவள்போல இருந்தாள் என்றுதான் நான் அந்தப் படத்தைப் புரிந்துகொண்டேன். நீ எப்படிப் புரிந்துகொண்டாய்?

ஏன் இந்தப் படத்தை அனுப்புகிறேன் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதே வருஷம் ஸ்பெயின் படத்துக்குக் கிடைத்த தங்கப் பரிசைப் பற்றி முன்பு ஒருநாள் சொன்னாய். கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போனவள், கடைசியில் தாயையே பார்த்துக்கொள்ள வேண்டி வருகிற கதை. அன்றைக்கு நான் தக்காளி விலையைப் பேசி உன் பேச்சை மாற்றினேன். நீ அப்போதே கேட்டுப் பார்த்திருக்கிறாய்.

அப்பாவுக்கு டிபி, கயல்.

ஐப்பசியில் தெரிந்தது. இருமல் ஆடியிலிருந்தே இருந்தது. தீபாவளிக்கு நீ கூப்பிட்டபோது மார்க்கெட்டில் கூட்டம், அப்பாவால் வர முடியாது என்றேனே, அப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நான் வராண்டாவில் நின்று பேசினேன். அது என்ன சத்தம் என்று நீ கேட்டாய். பக்கத்துக் கடைத் தள்ளுவண்டி என்றேன். பொங்கலன்று வீடியோவில் பானையையும் கரும்பையும் காட்டிக்கொண்டே இருந்தேன், அவர் பக்கம் போனைத் திருப்பவில்லை. கடைசியில் அவராகவே குனிந்து திரைக்குள் வந்தார். எட்டு கிலோ இளைத்த முகம். நீ ஒன்றும் கேட்கவில்லை. 'சரிம்மா, வைக்கிறேன்' என்றாய்.

அப்பா சொல்ல வேண்டாம் என்றார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ராசு மாமாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். முடிவு கைக்கு வந்த அன்றே, பாப்பாவுக்குச் சொல்லணும் என்று போனை எடுத்தவர் அவர். பிடுங்கி வைத்துக்கொண்டவள் நான். பரீட்சை நேரம் என்றேன். மார்க்கெட்டில் தெரிந்தால் நம்மிடம் யாரும் பூ போடமாட்டார்கள் என்றேன். என் மனதில் இருந்தது வேறு. 1988-இல் எனக்கு வந்த தந்தியை நீ அறிவாய். தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று. பச்சைப் பெட்டியை விடுதியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பெட்டி மட்டும் பிறகு வந்து சேர்ந்தது. அப்படி ஒரு செய்தியை என் கையால் உனக்கு அனுப்பமாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் சோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன், ஒன்றும் இல்லை. வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். ஆவணியில் நீ மூன்று வாரம் வந்து அப்பா பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கினாயே, அதைச் சொல்லவில்லை. சொன்னால் உனக்குச் சொல்ல வேண்டிவரும். நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஏழு மாதம் ஆகப்போகிறது. அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்த நாளிலிருந்து இதுதான் நினைப்பு. நாளைக்கே அங்கே ஒரு டாக்டரிடம் போ. அப்பாவுக்கு டிபி, நான் மூன்று வாரம் கூடவே இருந்தேன் என்று அவர்கள் பாஷையில் தெளிவாகச் சொல்லு. படம் முடியட்டும், விழா முடியட்டும் என்று தள்ளிப்போடாதே. இருமல் இருக்கிறதா, ராத்திரி வியர்க்கிறதா, எத்தனை கிலோ இருக்கிறாய், மூன்றையும் எனக்கு எழுது. மறைக்காதே. மறைக்காதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்டால் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா தேறிவிட்டார். ஆறு மாத மாத்திரை, அரசாங்கத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, இப்போது மூன்று. சளிப் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றரைக் கிலோ ஏறியிருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் மாத்திரை முடிந்துவிடும். ஐப்பசியிலிருந்து காலையில் கடையில் நான்தான் உட்காருகிறேன். தராசையும் பார்க்கிறேன், கணக்கும் எழுதுகிறேன். அவர் ஆறு மணிக்குமேல் வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் புறப்பட்டு வா. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா.

டாக்டரிடம் போய்விட்டு வந்து, ராத்திரி காட்சி விட்டதும் கூப்பிடு. நாலரைக்கு அவர் இன்னமும் எழுந்து வாசல் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். போனை அவரிடமே கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போய்விடுகிறேன். பேச்சு நடுவே இருமல் வந்தாலும் எழுந்து போகாமல் அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா