வேலையோடு படிப்போருக்கு முன்கூட்டிய அட்டவணை தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையும் குடும்பமும் அமைந்த பிறகு பட்டப்படிப்பைத் தொடங்குவோருக்கு, 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பெரும் வாய்ப்பாக உள்ளன. முன்னதில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பை ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம் என்பதும், ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடைபெறுவதும் எங்களைப் போன்றோரின் வாழ்க்கையை உணர்ந்து செய்த ஏற்பாடுகள்.

ஆயினும், அலுவலகம் முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் மறுநாள் சமையலுக்கான காய்களையும் கவனித்த பின்னரே ஒப்படைப்பு (பாடத்துக்காக வீட்டிலேயே எழுதித் தர வேண்டிய பயிற்சி விடைகள்) எழுத அமரும் பெண்கள் முதலில் கைவிடுவது தங்களுக்குப் பிடித்தமான ஒன்றைத்தான். நான் வீணைப் பயிற்சியை நிறுத்தினேன். உடன் பயிலும் தோழி மாடித் தோட்டத்தை விட்டுவிட்டார். படிக்க வந்தால் இவற்றைத் துறக்கத்தான் வேண்டும் என்று பலரும் அறிவுரை கூறுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மனத்துக்கு இளைப்பாறல் இல்லாதவர் ஆண்டுக்கணக்கில் படிப்பில் நிலைத்திருப்பது மிகக் கடினம்.

எந்த நிறுவனத்தில் பயில்வோராயினும், அவர்களைத் திணறடிப்பது பாடச்சுமையைவிட முன்கூட்டித் தெரியாத தேதிகளே. வகுப்பு பற்றிய அறிவிப்பு கடைசி நேரத்தில் வந்தால் விடுப்பும் கிடைப்பதில்லை, வீட்டில் மாற்று ஏற்பாடும் செய்ய இயலுவதில்லை. ஆகவே, ஒப்படைப்பு, வகுப்பு, தேர்வு ஆகியவற்றின் நாள்களைப் பருவத் தொடக்கத்திலேயே ஒரே அட்டவணையாக வெளியிடவும், ஊர்ப்புறக் கிளை நூலகங்களை ஞாயிறு மாலையிலும் திறந்துவைக்கவும் உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலைநிலைக் கல்வி மாணவி ஒருவர்,
தஞ்சாவூர்.